பேர் மேல் கால்குலேட்டரை வைக்கும் முத்து

முத்து போய்விட்டாள்.

காலையில் அவள் வீட்டுக்காரர் போன் பண்ணினார். "முத்து போயிட்டாம்மா..."  

முத்துலட்சுமி. விளாங்குடி. ஆடிட்டர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து ஸீட், ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாங்கள். கிட்னி பிரச்சினை. போன வருஷத்திலிருந்து டயாலிசிஸில் இருந்தாள்.

இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு அவளைத் தெரியாது. தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை...

கம்பெனிகளின் கணக்கைப் பார்த்து ரேஷியோ போடுவதுதான் எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை. கடனைப் போல எத்தனை மடங்கு சொத்து இருக்கிறது, சரக்கு எவ்வளவு வேகமாக விற்கிறது, வருகிற லாபம் வட்டிக்காவது காணுமா... கம்பெனி பிழைக்குமா படுக்குமா என்று நாலைந்து நம்பர் சொல்லிவிடும்.

முத்துவுக்கு ஒரு பழக்கம். பேலன்ஸ் ஷீட் கைக்கு வந்ததும் தன் பெரிய கால்குலேட்டரைத் தூக்கி, மேலே இருக்கும் கம்பெனி பேர் மேல் வைத்துவிடுவாள். அங்கேயே வைத்துத்தான் தட்டுவாள். வேலை முடிகிறவரை நகர்த்த மாட்டாள்.

"பேரப் பாத்தா மனசு எளகிரும்டி. ஐயோ, நல்ல மனுசனாச்சேன்னு தோணும். அப்புறம் நம்பர் கண்ணுக்குத் தெரியாது" என்பாள்.

"மாப்பிள்ளை போட்டோ வந்தப்பவும் இப்படித்தான் மூஞ்சி மேல கால்குலேட்டர வச்சுட்டு சம்பளத்த மட்டும் பாத்தியா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பாத்திருக்கணும்... எங்க பாத்தேன்!" ஆபீஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள்.

மேலூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் கம்பெனி ஒன்று. ஓனர் தங்கமான மனிதர். ஆபீஸுக்கு வந்தால் வாட்ச்மேன் வரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார். அவருக்கு நான்தான் ரேஷியோ போட்டேன். கரண்ட் ரேஷியோ ரெண்டு வந்தது. ஒரு வருஷத்துக்குள் கட்ட வேண்டிய கடனைப் போல, அதே காலத்தில் காசாக வேண்டிய சொத்து ரெண்டு மடங்கு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் சரிபார்த்துப் பச்சை மையில் டிக் போட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். முத்து கால்குலேட்டரைப் பேர் மேல் வைத்தாள். முந்தின ரெண்டு வருஷக் கணக்கையும் எடுத்துப் பக்கத்தில் விரித்தாள். 

"ரெண்டுங்கிற. அதுல ஒன்றரை, விக்காம வெயில்ல கெடக்குற கல்லுடி. வருசா வருசம் கூடிக்கிட்டே வருது. நாளைக்கு பேங்க்காரன் வந்து நின்னா கல்லையா தூக்கி நீட்டுவாரு?"

டிக் போட்டாள். கணக்கு என்னவோ சரிதானே. ஓனர் வந்தபோது அவரிடமும் சொன்னாள். "புதுக் கல்லு எறக்காதீங்கண்ணே. இருக்குறத மொதல்ல வித்துருங்க."

"விக்க மாட்டேன்னா சொல்றேன்... வாங்க ஆள் வரணும்லம்மா" என்றார் அவர்.



கம்பெனி மூடின செய்தி வந்த அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. "எம்புட்டு கரெக்டாப் போட்டோம்... முன்னாடியே தெரிஞ்சு என்ன ஆச்சு, சொல்லு?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மத்தியானம். பையிலிருந்து கவர் ஒன்றை எடுத்தாள். உள்ளே மூணு லேப் ரிப்போர்ட். தேதி வரிசையாக என் டேபிளில் விரித்தாள். ரெண்டின் தலைப்பை மடித்துவிட்டாள். மூணாவதில் பேர் இருந்த இடத்தில் கால்குலேட்டரை வைத்தாள்.

"நான் பாத்துட்டேன். நீ ஒருக்கா பாரு."

"ஏய், இதெல்லாம் டாக்டர்ல பாக்கணும்..."

"டாக்டரு பேரப் பாத்துட்டுப் பேசுறாருடி. தைரியமா இருங்கம்மாங்கிறாரு. நீ நம்பரப் பாரு."

பார்த்தேன். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் மூணு நம்பர் வரிசையாக இருந்தால் அது எங்கே போகிறது என்று பார்க்கத்தானே எங்களுக்குச் சம்பளம்... கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் ஏறிக்கொண்டே போயிருந்தது. ரெண்டாவது தடவை ஏறியதைவிட மூணாவது தடவை இன்னும் அதிகம். நார்மல் எவ்வளவு என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். அது எங்கோ கீழே இருந்தது.

"ஏறிக்கிட்டே போகுதுடி" என்றேன்.

"ம்... நானும் அதான் போட்டேன்."

பச்சைப் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் எடுக்கவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக்கொண்டு, "டீ வந்துருச்சா பாரு" என்றாள்.

அவள் கணக்கு ஒரே ஒரு தடவை தப்பாகிவிட வேண்டும் என்று அன்றிலிருந்து வேண்டாத சாமி இல்லை. அழுகையாக வருகிறது... அவள் கணக்கு எங்கே தப்பாகும்.

இன்று சாயங்காலம் எடுக்கிறார்கள். ஆபீஸ் சார்பில் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். விளாங்குடி பஸ் ஸ்டாப்பிலும் ஆபீஸ் வாசலிலும் ஒட்ட வேண்டும். பிரஸ்காரத் தம்பி டிசைனை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

"அக்கா, பேரு சரியா இருக்கான்னு பாத்து ஓகே சொல்லுங்க. பிரிண்ட் போட்டுர்றேன்."

போட்டோவுக்குக் கீழே கொட்டை எழுத்தில் அவள் பேர்.

கட்டைவிரலால் பேரை மறைத்துப் பார்க்கிறேன், போட்டோ தெரிகிறது. போட்டோவை மறைத்தால் பேர் தெரிகிறது.

தம்பி மறுபடியும் கேட்டுவிட்டார். இன்னும் ஓகே போடவில்லை...

போயிட்டு வாடி முத்து.