டம்ளரின் அடியில் தங்கிய மணல்

தமிழ்ச்செல்விக்குக் கடல் பத்தொன்பது வருடமாகச் சாக்கில்தான் வந்துகொண்டிருந்தது. நாமக்கல்லில் அவள் வேலை பார்க்கும் கோழித்தீவன ஆலைக்குக் கருவாடும் கிளிஞ்சலும் தூத்துக்குடிப் பக்கமிருந்து லாரியில் வரும். மூட்டைகளைச் சோதித்து, இதை இறக்கலாம், இதைத் திருப்பி அனுப்பு என்று சொல்வது அவள் வேலை. கடலை அவள் நேரில் பார்த்ததில்லை.

அவள் கணவர் குமாரசாமி பார்த்திருக்கிறார். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். காண்ட்லா, மங்களூர், விசாகப்பட்டினம் என்று எல்லாத் துறைமுகத்திலும் வண்டிக் கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். சரக்கை விட்டுப் போகக்கூடாது என்பதால் ஒரு தடவைகூடக் கால் நனைத்ததில்லை. முதுகெலும்பு தேய்ந்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். மனைவி வேலை செய்து தான் பார்த்ததே இல்லை என்பது அவருக்குத் தோன்றியதும் இல்லை.

இந்த முறை சரக்கு கிளம்பும் இடத்திலேயே பார்த்துவிட்டு வரும்படி ஆலை அவளை அனுப்பியது. அதோடு இரண்டு நாள் விடுப்பையும் அவள் கேட்டு வாங்கினாள்.

"நீங்களும் வாங்க. வேலை ஒரு மணி நேரந்தானுங்க. அப்பறம் கடலைப் பாத்துட்டே உக்காந்துக்கலாம்."

திருமணமாகி இருபத்து நான்கு வருடத்தில் இருவரும் வெளியூர் போய்த் தங்குவது அதுதான் முதல்முறை.

கருவாட்டுக் களம் கடற்கரையை ஒட்டியே இருந்தது. முதலாளி ரூபன் வாசலுக்கு வந்து வரவேற்றார். தமிழ்ச்செல்வி நேராக மூட்டைகளிடம் போய்விட்டாள். ரூபன் குமாரசாமிக்கு டீ கொடுத்து, ஒரு சாவியையும் கையில் வைத்தார்.

"நம்ம மச்சான் விடுதி, அண்ணாச்சி. சன்னலத் தொறந்தா கடல்தான். ரெண்டு நாளும் இருந்துட்டுப் போங்க. துட்டுப் பேச்சே எடுக்கப்படாது."

"எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்று சொல்லிக்கொண்டே குமாரசாமி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வழியில் கிடைக்கும் உபசாரம் லாரிக்காரருக்குப் புதிதல்ல. பைகளும் ரூபனின் காரில் விடுதிக்குப் போய்விட்டன.

அவர் உள்ளே போனபோது, தமிழ்ச்செல்வி களத்து ஆட்கள் தனக்காகப் பிரித்து வைத்திருந்த மேல் மூட்டைகளை முடித்துவிட்டு, அடி வரிசையிலிருந்து ஒன்றை இழுக்கச் சொல்லியிருந்தாள். கையளவு கருவாட்டை நொறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். பிறகு காத்திருந்தாள். வீட்டில் எதற்கும் நிற்க நேரமில்லாத அவள் அங்கே அசையாமல் நின்றதை அவர் பார்த்தார். டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மணல் தங்கியது. இன்னும் மூன்று மூட்டை பார்த்தாள். மூன்றும் அப்படியே.

"இது வேண்டாமுங்க. மணல் சாஸ்தி."

"கடக்கரையில காயப்போட்டா மண்ணு ஒட்டத்தானக்கா செய்யும்."

"ஒட்டுன மண்ணுன்னா மேல் மூட்டையிலயும் இருந்திருக்கோணுமில்லீங்க."

ரூபன் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை சொல்லப்படாதா? நம்ம ரூம்புல தங்கப் போற ஆளுல்லா நீங்க."

தமிழ்ச்செல்வி கணவரைப் பார்த்தாள். கோபமில்லை, கேள்வியும் இல்லை. மணல் அடங்கக் காத்திருந்த அதே பார்வை. ஆலையில் அவள் வேண்டாம் என்றால் மறுபேச்சு கிடையாது. அவளுடைய அந்தப் பத்தொன்பது வருட நல்ல பேரைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று குமாரசாமிக்கு அப்போதுதான் உறைத்தது. சாவியை எடுத்து மூட்டையின் மேல் வைத்தார்.

"தெரியாம வாங்கிப்போட்டனுங்க. பைய மட்டும் கொண்டாரச் சொல்லிருங்க."

"ரூம்பு வேற, சரக்கு வேறல்லா அண்ணாச்சி."

"இருக்கட்டுங்க. நாங்க வெளிய தங்கிக்கறோம்."

அவள் சீட்டில் எழுதிக் கையெழுத்திட்டு ஆலைக்குப் போன் செய்தாள். பைகள் திரும்பி வந்தன. களத்துக்குப் பின்னால் இருபது அடி நடந்ததும் கடல் வந்துவிட்டது. வலைகளும் மீன் வாடையுமாக இருந்த கரையில் இருவரும் நின்றார்கள்.

"சாவிய வாங்கறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

"லாரிக்காரன் புத்தி, புள்ள. சன்னல்லயே கடல் தெரியும்னாரு."

"சன்னலத் தொறந்தா கடலாமா?"

"இங்க சன்னலே இல்லாமத் தெரியுது."

அவள் சிரித்துவிட்டாள். சேலையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு எப்படி?"

"திருப்பி அனுப்பற அளவுக்கு இருக்குதுங்க."

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். இரண்டு நாளும் காலையில் பஸ் பிடித்துக் கரைக்கு வந்து, வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்கள். குமாரசாமி யாரையும் எளிதில் மெச்சுகிறவரில்லை. யாருக்கும் நன்றி சொல்லியும் பழக்கமில்லை. தான் சாலையில் கழித்த வருடங்களில் வீட்டை நடத்தியது எது என்பதை அந்த டம்ளரில் பார்த்துவிட்டதாக அவருக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

கடைசி நாள் கிளம்பும் முன் சொன்னார்: "நீ வேலை செய்யறத நான் பாத்ததே இல்ல புள்ள."

"அதான் பாத்துட்டீங்களே."

"பாத்தேன். நல்லா இருந்துச்சு."

அவள் அலை தொடாத தூரத்தில் அவருடைய செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் என்பதுபோல மறுபடி உட்கார்ந்தாள்.