வெளியே கசியாத பாட்டு

பெட்டியின் பின்னால் இருக்கும் சுவிட்சைத் தட்டினால் உடனே ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் முன்பக்கம் வெள்ளை விளக்கு எரியும். அந்த ‘டிக்’குக்காகவே வேலை முடிந்த மதியங்களில் சைக்கிளை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். சாப்பாடெல்லாம் அப்புறம்தான்.

எனக்கு வேலை மில்பிடாஸில், சர்க்யூட் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில். இருட்டோடு ஷிப்ட் தொடங்கி மதியத்தில் முடிந்துவிடும். போர்டை லென்ஸுக்கு அடியில் வைத்து சால்டர், அதாவது ஈயப்பற்று, சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பு என்று பார்த்தால் பாலிடெக்னிக்கில் பாதி. அதற்குப் பிறகு திருப்பூர், துபாய், ஒரு கப்பலின் சமையலறை, நியூஜெர்சி, டெக்ஸாஸ் என்று போய்க்கொண்டே இருந்தேன். நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் பாய்லருக்குப் பக்கத்தில் படுத்திருந்தேன். பனிக்காலத்தில் அந்த வீட்டிலேயே நல்ல இடம் அதுதான். டெக்ஸாஸில் ஒரே அறையில் பல பேர். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருவன் அதே மெத்தையில், அதே சூட்டில் படுப்பான். தூக்கம் வந்தது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எங்கேயும் எனக்கென்று ஒரு மேசை இருந்ததில்லை, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் இருந்ததில்லை.

மில்பிடாஸில் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் திருச்சிப் பக்கத்து அக்கா, ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். அவர் கணவருக்கு வேலை டெக்ஸாஸில், எப்போதாவதுதான் வருவார். அக்கா காலையில் வந்து, சமைத்து, ஜெபம் முடித்து மதியத்துக்குள் படுத்தால் பொழுது சாயும்போது எழுந்திருப்பார். அறையைக் காட்டும்போதே சொல்லிவிட்டார்.

“தம்பி, ரூல் ஒண்ணே ஒண்ணுதான். நான் தூங்குறப்ப சத்தம் கூடாது. முன்னாடி இருந்தவர் மதியானம் மிக்ஸி போட்டார். மறுவாரம் மிக்ஸியும் அவரும் வெளிய நின்னாங்க.”

“எங்கிட்ட மிக்ஸி இல்லக்கா.”

“பாட்டு?”

“ஹெட்ஃபோன்ல கேட்டுக்கறேன்.”

அந்த வார்த்தையைக் காப்பாற்றத்தான் பெட்டிகள் வாங்கினேன். இரண்டு பெட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரு கோதுமை பிரெட் பாக்கெட் அளவு. கணினிக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. கீழ்ப்பெட்டியான டி.ஏ.சி. அந்த எண்களை வாங்கி, ஒலிக்கு உண்டான மின்சாரமாக மாற்றும். மேல்பெட்டி ஆம்ப்ளிஃபயர், அந்த மின்சாரத்துக்குப் பலம் கொடுத்து, காதை முழுக்க மூடும் கனமான ஹெட்ஃபோனை அசைக்கும். எல்லாவற்றையும் சேர்த்து எனக்கு விற்றவர் ஒரு இன்ஜினியர், புதிதாக அப்பா ஆனவர்.

“பேபி அழறது கேக்கலைன்னா வைஃப் என்னையும் சேர்த்து வித்துடுவா ப்ரோ,” என்று சொல்லி, வயர்களை நாயைத் தடவுவதுபோலத் தடவிவிட்டுக் கொடுத்தார்.

அறையில் மேசை இல்லை. யாரோ தெருவோரம் வைத்துவிட்டுப் போயிருந்த பழைய மரக்கதவைத் தூக்கிவந்தேன். இந்த ஊர் வீடுகளின் சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் அட்டையும்தான், நடுவில் வெற்றிடம். எங்கே தட்டினால் சட்டம் இருக்கிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்து, அக்காவிடம் கேட்டுக்கொண்டு, இரும்புத் தாங்கிகளை முறுக்கி, கதவை அதன்மேல் கிடத்தினேன். கல் மாதிரி நின்றது. பெட்டிகளை அதில் அடுக்கி, வயர் மாட்டி, சுவிட்சைத் தட்டினேன். டிக்.

முதல் தடவை கேட்டதை எப்படிச் சொல்வது? சென்னையில் ஒரு டிசம்பர் சீசன் முழுக்க ஒரு சபா கேன்டீனில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். என் கச்சேரி ஞானம் முழுவதும் அந்தப் பின்கட்டில் வந்தது. குழாய்த் தண்ணீர் கொட்ட, தட்டுகள் மோத, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிருதங்கம் மட்டும் தப்பித்து வரும், பாட்டு வராது. கைதட்டல் வந்தால் ஏதோ நன்றாக நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். பிறகு கைப்பேசியில் நிறையக் கேட்டேன்தான். ஆனாலும் அது அந்தப் பின்கட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று கேட்டதுபோலத்தான்.

இப்போது யாரோ என் கையைப் பிடித்து இழுத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். தம்புரா இடப்பக்கம் பின்னால் இருந்தது. வயலின்காரர் வில்லைத் திருப்பும்போது குதிரைவால் முடி கம்பியைத் தொடும் அந்தச் சின்ன உராய்வு! பாடுபவர் மேலே போவதற்கு முன் மூச்சு இழுக்கிறார். அந்த மூச்சிலேயே எவ்வளவு தூரம் போகப்போகிறார் என்று தெரிந்துவிடுகிறது. வலப்பக்கம் நாலாவது ஐந்தாவது வரிசையில் ஒருவர் இருமினார். நான் திரும்பிப் பார்த்தேன், சத்தியமாக. அங்கே என் துணி அலமாரிதான் இருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோல், நான் இத்தனை வருஷம் வெறும் ‘தொம்’ என்று நினைத்திருந்தது, வழுக்கி மேலே ஏறி, ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறங்கியது. எழுந்து நின்றுவிட்டேன். வயர் இழுத்ததால் மறுபடி உட்கார்ந்தேன்.

அக்காவின் ரூல் நினைவுக்கு வந்தது. பாட்டு ஓட ஓட ஹெட்ஃபோனைக் கழற்றி, காதுப்பக்கத்தைத் தலையணையில் அழுத்திவைத்துவிட்டு, வெளியே நடைவழியில் போய் நின்று பார்த்தேன். ஒரு துளி கசியவில்லை. அறைக்குள் ஒரு கச்சேரியே நடக்கிறது, வெளியே ஃப்ரிட்ஜ் சத்தம் மட்டும். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. குதிக்கவில்லை, அக்கா தூங்கிக்கொண்டிருந்தார்.

அதற்குக் கொஞ்ச நாளில்தான் அந்த மெசேஜ் வந்தது. பாட்டின் நடுவில் கைப்பேசித் திரை ஒளிர்ந்தது. “தம்பி, ஏதோ டொக் டொக்னு சத்தம் கேக்குதா?”

ஹெட்ஃபோனைக் கழற்றி, மூச்சை அடக்கிக் கேட்டேன். நிசப்தம். “இல்லையேக்கா” என்று பதில் போட்டேன்.

அடுத்தடுத்த மதியங்களிலும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் நேர்மையாகக் கழற்றிவைத்துக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் சமையலறையில் அக்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்குவார்.

“சுவத்துக்குள்ளதான் தம்பி. என் தலைமாட்டுலயே. கண்ணு அசந்தா ஆரம்பிக்குது.”

டெக்ஸாஸிலிருந்து அவர் கணவர் ஸ்பீக்கர்போனில் வந்தார். “பைப்புக்குள்ள காத்து இருக்கும். குழாயெல்லாம் திறந்து விடு.”

“அங்க இருந்துக்கிட்டே என் வீட்டுப் பைப்பு தெரியுதா உங்களுக்கு?”

“அப்ப எலி.”

“எலிதான். உங்களை மாதிரியே, நான் படுத்தாத்தான் அதுக்குப் பேச்சு வருது.”

குழாய்களைத் திறந்துவிட்டோம். எலிப்பொறி வாங்கினோம். நானே முன்வந்து, கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் டார்ச்சோடு தவழ்ந்தேன். குளிர் தாங்க அங்கே பரப்பியிருந்த கண்ணாடிப் பஞ்சு பட்டு உடம்பெல்லாம் அரித்தது. ஒரு எலிப் புழுக்கைகூட இல்லை. கீழே இறங்கி வந்து, “சுத்தமா இருக்குக்கா” என்று சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி வரவில்லை. பயம்தான் வந்தது.

“அப்போ சத்தம் என் தலைக்குள்ளயா?”

அந்த வாரக் கடைசியில், காலையில் கார் வந்து நின்று ரொம்ப நேரம் ஆகியும் அக்கா இறங்கவில்லை. அன்று எனக்கு விடுமுறை. வெளியே போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஃப்ரீவேயில் கண் மூடியிருக்கிறது. ஓரத்துக் கோட்டில் இருக்கும் மேடுகள்மேல் டயர் ஏறித் தடதடத்ததால் முழித்திருக்கிறார்.

“தூக்கம் இல்லாம இனிமே ஓட்ட முடியாது தம்பி. ஒரு ஆளைக் கூப்பிட்டிருக்கேன். சுவத்தைத் திறந்து பாக்கப் போறாங்க. உங்க ரூம் பக்கம்தான் திறக்கணுமாம். அதுக்கப்புறம் வாடகைக்கே விடறதா இல்லை. மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. இதுபோலக் கேட்டு எத்தனையோ இடங்களை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். பெட்டியில் துணிகளை அடுக்குவது எனக்குப் பல் தேய்ப்பதுபோல. கிடைத்த அறைகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்று கராஜ், ஒன்றில் ஏற்கனவே இரண்டு பேர். இரண்டிலும் மேசை போட இடமில்லை, கதவைச் சாத்தவும் முடியாது. அப்போதுதான், இதுவரை எந்த இடத்துக்கும் வராத ஓர் ஏக்கம் இந்த அறைக்கு வந்தது. போவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கேட்டுவிட வேண்டும் என்று வெறி பிடித்தவன்போலக் கேட்டேன். வந்ததும் சுவிட்ச், டிக், கண்ணை மூடு, பாட்டு.

அப்படி ஒரு மதியம். தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. பாட்டு ஓய்ந்து மிருதங்கமும் கடமும் மட்டும் மாறி மாறிப் பேசும் கட்டம். கடத்தின் மண் வாசனையே மூக்கில் ஏறுவதுபோல அவ்வளவு பக்கத்தில். தோளில் ஒரு கை விழுந்தது. கத்திவிட்டேன். ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பினால் அக்கா, நைட்டியும் தலையில் துண்டுமாக.

“எத்தனை தடவை கதவைத் தட்டுறது?”

“சாரிக்கா. சத்தமா? மறுபடியும் கேட்டுதா?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மேசைமேல் விரித்திருந்த என் வலக்கையை.

“எலி டொக் டொக்னு தட்டும், ஒத்துக்கறேன். எலி எங்கயாவது மிஸ்ர சாபு தாளம் போடுமா தம்பி?”

எனக்குப் புரியவில்லை.

“கான்வென்ட்ல எட்டாவது வரைக்கும் பரதநாட்டியம் ஆடியிருக்கேன். இன்னிக்குப் படுத்துக்கிட்டே எண்ணிப் பாத்தேன். மூணு, அப்புறம் ரெண்டு, ரெண்டு. தகிட, தக, திமி. மறுபடியும் தகிட, தக, திமி. எலிக்கு எந்த சிஸ்டர் கத்துக்கொடுத்திருப்பாங்கன்னு யோசிச்சேன். அப்புறம்தான் எழுந்து வந்தேன். வந்து அஞ்சு நிமிஷமா உங்க பின்னாடி நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்.”

என் கையைப் பார்த்தேன். பாட்டு கேட்டால் கை தாளம் போடும், அதை யாராவது வேலைமெனக்கெட்டுக் கவனிப்பார்களா? சத்தம் வெளியே போகாமல் அத்தனை பாடுபட்டவன், கனத்த மரக்கதவைச் சுவர்ச் சட்டத்தோடு சேர்த்து முறுக்கி, அதன்மேல் தினமும் உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்திருக்கிறேன். நடுவில் வெற்றிடம் உள்ள சுவர் தவில்போல அதிர்ந்திருக்கிறது. மறுபக்கம் அக்காவின் கட்டில். காதை இறுக்க மூடியிருந்த எனக்கு மட்டும் அது கேட்கவில்லை. மெசேஜ் வந்தால் கேட்பதற்காகக் கையையும் நிறுத்திவிடுவேன், கேட்டால் நிசப்தம்.

“பரண்ல வேற ஏறித் தேடினீங்களே!” என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “டெக்ஸாஸ்ல இருக்கிற மனுஷன் கிட்ட எப்படிச் சொல்றது இதை!”

“அக்கா, நான் இன்னிக்கே வேணும்னாலும்...”

“சத்தத்தால கூட இல்ல தம்பி. ஒரே மாதிரி போட்டா அதுலயே தூங்கிடுவேன். ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் ராத்திரி பூரா ஒரே மாதிரிதானே அடிக்குது. நீங்க போகப்போக ஓடுறீங்க. ஓடிட்டு திடீர்னு ஒரு அடி விட்டுடறீங்க. அந்த விட்டுப்போன அடி எப்ப வரும், எப்ப வரும்னு நான் முழிச்சுக்கிட்டுக் கிடக்கேன்.”

வெட்கமாக இருந்தது. அதைவிட ஆச்சரியமாக இருந்தது. அவருக்குப் பாட்டே கேட்கவில்லை; என் கை தட்டியது மட்டும்தான் கேட்டிருக்கிறது. ஒருவிதத்தில், சபா கேன்டீனில் நான் நின்ற இடத்தில் அவரைப் படுக்க வைத்திருக்கிறேன்.

ஹெட்ஃபோனை நீட்டினேன். “நீங்களே கேட்டுப் பாருங்கக்கா. அந்த இடத்துல யாரா இருந்தாலும் ஓடத்தான் தோணும்.”

“அய்யோ, வேணாம் சாமி. எனக்கு எந்தச் சத்தமும் வேணாம். முதல்ல இந்தக் கதவைச் சுவத்துல இருந்து கழட்டுங்க. இப்பவே. எனக்கு டியூட்டி இருக்கு.”

“அப்ப சுவர் உடைக்கிற ஆள்?”

“அவரை வரவேண்டாம்னு சொல்லிடறேன். நீங்களும் எங்கயும் போக வேண்டாம். ஆனா கை!” என்று விரலைக் காட்டி எச்சரித்துவிட்டுப் போனார்.

அன்றே கழற்றினேன். கதவுக்கு நாலு கால் வைத்து, எதிர்ப்பக்கம் ஜன்னலை ஒட்டி, எந்தச் சுவரிலும் படாமல் நிறுத்தினேன். கேட்கும்போது மடியில் தலையணை, தலையணைமேல் கை. இன்னொரு வேலையும் செய்தேன். தகிட தக திமி என்று எண்ணிக் கேட்க ஆரம்பித்தேன். அடேயப்பா, அதற்குப் பிறகு அதே பாட்டு வேறு பாட்டாகிவிட்டது! இத்தனை நாள் எங்கே அடி விட்டேன் என்று எனக்கே தெரிந்தது. மிருதங்கக்காரர் வேண்டுமென்றே அடியைக் கடந்து நிற்பார். நான் அவசரப்பட்டு அவருக்கு முன்னால் ஓடியிருக்கிறேன். கீழ்ப்பெட்டி அந்த இடைவெளியை எவ்வளவு சுத்தமாகக் காட்டுகிறது! ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

அக்கா தூங்கினார். சாயங்காலக் காபியில் முகம் தெளிந்திருந்தது. நான் மட்டும், துணி அடுக்கிய பெட்டியைப் பிரிக்காமல் மூலையிலேயே வைத்திருந்தேன். போகச் சொன்ன இடத்தில் மறுபடி துணியைத் தொங்கவிட்டுப் பழக்கமில்லை. வேண்டிய சட்டையை மேலாக எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன்.

பிறகொரு மதியம், பாட்டு நன்றாக ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், திரை ஒளிர்ந்தது. அக்கா.

“தம்பி, இப்ப காலா?”

குனிந்து பார்த்தேன். மரத்தரைமேல் என் வலது குதிகால், கைக்குக் கிடைக்காததையெல்லாம் தானே எடுத்துக்கொண்டு அறைந்துகொண்டிருந்தது. காலைத் தூக்கிக்கொண்டேன். என்ன பதில் போடுவது என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது.

“இன்னிக்கு ஒரு அடிகூட விடல. ஆனா கீழ ஏதாவது மெத்துனு போட்டுக்குங்க. தூங்கப் போறேன்.”

என்னிடம் இருந்த ஒரே கனத்த கம்பளி நியூஜெர்சியில் வாங்கியது. அது துணிப்பெட்டியின் அடியில் கிடந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிவைத்தேன். பெட்டியைத் திறந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் மாட்டினேன். கடைசியில் கம்பளி வந்தது. அதை நாலாக மடித்துக் காலடியில் போட்டுவிட்டு, பாட்டை முதலிலிருந்து வைத்தேன்.