கைப்பிடி அகலம், கால் குறுகல்

நாற்காலியின் நான்காவது காலை மடியில் கிடத்தி, உப்புத்தாளால் மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள் ராஸ்லின் பாவ்லிக். மற்ற மூன்று கால்களும் மேசைமேல் தயாராகக் கிடந்தன. ஐம்பத்து மூன்று வயது விரல்கள், மூட்டுகளில் வீக்கம். ஆனாலும் மரத்தில் எங்கே சொரசொரப்பு இருக்கிறது என்பது அந்த விரல்களுக்குத் தெரியும். முப்பத்தோரு ஆண்டுகள் முதியோர் இல்லத்தில் கிழவர்களையும் கிழவிகளையும் குளிப்பாட்டிய விரல்கள் அவை. ஈரத்தோலில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் ஆறுவதற்கு எத்தனை வாரம் ஆகும் என்று தெரிந்துகொள்ள அவள் பாடப்புத்தகம் பார்க்க வேண்டியதில்லை.

பட்டறையின் அந்தக் கோடியில் டீகன் ஆஷ்வர்த் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வரைந்துகொண்டிருந்தாள். இருபது வயது. தோளிலிருந்து கை ஒருமுறை அசைந்தது. ஒரே இழுப்பு. நாற்காலியின் முதுகு தாளில் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் அழிப்பான்கூட இல்லை.

ராஸ்லின் தேய்ப்பதை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். அந்த ஒரு கோட்டுக்காக இரண்டு வருஷமாகத் தினமும் விடிகாலையில் ஐம்பது வட்டம், ஐம்பது வளைவு போட்டுப் பழகுகிறாள். அவள் கோடு இன்னும் குளிரில் நடுங்குகிற மாதிரிதான் வருகிறது. இந்தப் பெண்ணோ பாதி நாள் வகுப்புக்கே தாமதமாக வருவாள்.

ராஸ்லின் கிளீவ்லாந்தில் ஓர் எஃகு ஆலைத் தொழிலாளியின் மகள். பள்ளியில் ஓவிய ஆசிரியை அவளைக் கல்லூரிக்கு அனுப்பச் சொன்னபோது அப்பா சிரித்தார். "படம் போட்டா எவன் சம்பளம் குடுப்பான்?" என்றார். பத்தொன்பது வயதில் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் தூங்குகிறவர்களின் கைகளை வரைந்து வைப்பாள். கணவன் லென் வேறொருத்தியோடு டொலிடோ நகரத்துக்குப் போனான். அதனால் வீட்டில் ஓர் அறை காலியானது. அதில் வரைபலகையைப் போட்டாள். பிறகு இல்லத்தையே இழுத்து மூடினார்கள். மறு மாதமே பல்கலைக்கழகத்தின் கலை, வடிவமைப்புத் துறைக்கு விண்ணப்பம் போட்டாள்.

இரண்டு வருஷமாக வகுப்பில் அவளுக்கு எதிலும் பேர் கிடைக்கவில்லை. இந்தப் பருவத்தில் கொடுத்த வேலை, வயதானவர்களுக்கான குளியல் நாற்காலி. கேட்டதும் மனசுக்குள் துள்ளினாள். இது என்னுடையது, இதில் என்னை எவள் மிஞ்சுவாள்? வகுப்பு தேர்ந்தெடுக்கிற ஒரே ஒரு நாற்காலியை நாற்காலி செய்யும் கம்பெனி எடுத்துக்கொள்ளும். செய்தவருக்குக் கோடையில் அங்கேயே வேலை. ஐம்பத்து மூன்று வயதில் அப்படி ஒரு கதவு இன்னொரு முறை திறக்காது.

மதியம் எல்லாருடைய வரைபடங்களும் சுவரில் ஏறின. முழு அளவு மாதிரிகள் கீழே வரிசையாக நின்றன. ஆசிரியர் மாரிஸ் டில்லரி வழக்கம்போலச் சொன்னார்: "செஞ்சவங்க வாயத் தெறக்கக் கூடாது. மத்தவங்க சொல்றதக் கேக்கணும், எழுதிக்கணும். அவ்வளவுதான்."

ராஸ்லினின் நாற்காலி முறை வந்தது. நான்கு கால்களும் வெளிப்பக்கம் விரிந்து, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றன.

"ராஸ், தப்பா எடுத்துக்காதீங்க," என்றான் கோல்பி என்ற பையன். "இதப் பாத்தா அப்பத்தான் பொறந்த கன்னுக்குட்டி கால அகட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு."

வகுப்பே சிரித்தது. ராஸ்லின் வாய் திறக்கக் கூடாது. நோட்டில் 'கன்றுக்குட்டி' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டாள். பென்சில் முனை உடைந்தது.

அடுத்தது டீகனுடையது. இலை மடங்கின மாதிரி இருக்கை. கால்கள் கீழே வர வர உள்ளே குறுகி, நடனக்காரி நுனிவிரலில் நிற்பதுபோல நின்றன. டில்லரி அதில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார். மாணவர்கள் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள். எல்லாம் முழங்காலை நம்பி எழுகிறவர்கள். எழுந்திருக்கக் கை தேவைப்படாதவர்கள்.

கை தேவைப்படுகிறவர்கள் எப்படி எழுவார்கள் என்று ராஸ்லினுக்குத் தெரியும். ஒரு பக்கம் செயலற்றுப்போன கிழவி, நல்ல கையைக் கைப்பிடியில் ஊன்றி, உடம்பின் மொத்த பாரத்தையும் அந்த ஒரு பக்கத்தில் இறக்குவாள். இங்கே கைப்பிடி அகலம், கால் குறுகல். நாற்காலி பக்கவாட்டில் கவிழும். மூன்று வாரத்துக்கு முன்பு முதல் வரைபடத்தைப் பார்த்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ராஸ்லின், நீங்க இந்த வேலையிலயே இருந்தவங்க. சொல்லுங்க," என்றார் டில்லரி.

"கோடு அழகா இருக்கு," என்றாள்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அழகா இருக்கு."

ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு கொடுத்தார்கள். பிடித்த வேலையின் பக்கத்தில் ஒட்ட வேண்டும். டீகனுக்குப் பத்தொன்பது, ராஸ்லினுக்கு நான்கு. மறுநாள் பத்து மணிக்கு லேக்வுட் முதியோர் இல்லத்திலிருந்து மூன்று பேர் வந்து டீகன் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார்கள், கம்பெனி ஆளும் வருவார் என்று டில்லரி அறிவித்தார்.

குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிய ராஸ்லினின் பின்னாலேயே டீகன் ஓடி வந்தாள்.

"ராஸ்! மத்தவங்க சும்மா சொல்லுவாங்க. நீங்க கண்டதக் கண்டபடி சொல்ற ஆளு. உங்க வாயிலருந்து அழகுன்னு வந்துச்சே, எனக்கு அது போதும்."

"சாப்டியா?"

"சிப்ஸ்."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று எரிந்து விழுந்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தாள். ஏரிக்காற்று முகத்தில் அறைந்தது.

வீட்டில் வெங்காயம் வதக்கி, உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டைகளை வெண்ணெயில் புரட்டினாள். சாப்பிட்டுக்கொண்டே அந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தாள். கம்பெனி ஆள் முன்னால் நடனக்காரிக் கால் சாய்கிறது. டில்லரியின் முகம். டீகனின் முகம். இனித்தது. மறுபடி ஓட்டினாள். இந்த முறை நாற்காலிக்குப் பின்னால் தான் நின்று, விழுகிறவளைத் தாங்கிப் பிடிப்பதுபோலவும் சேர்த்துக்கொண்டாள். அங்கேதான் காட்சி உடைந்தது. விழுகிற ஆளைத் தாங்கிப் பிடிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதிர்ஷ்டம் இருந்தால், கூடவே சரிந்து தரையில் மெல்ல இறக்கலாம். இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் அவள் பார்வையில் மட்டும் பதினோரு பேர். அவர்களில் ஆறு பேர் அடுத்த கோடையைப் பார்க்கவில்லை.

மீதி பியரோகியையும் தின்று முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். கடிகாரத்தில் ஐந்தரைக்கு மணி வைத்தாள். பொறாமை போய்விடவில்லை. அதுபாட்டுக்கு அது இருந்தது.

காலை ஏழு மணிக்குப் பட்டறைக்குப் போனபோது டீகன் அவளுக்கு முன்பே வந்து நாற்காலிக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். ராஸ்லின் கோட்டைக் கழற்றினாள். நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை மடியில் போட்டுவிட்டு, வலது கையை ஊன்றி மொத்த பாரத்தையும் அதில் இறக்கினாள். நாற்காலி சரிந்தது. தரை வந்து முழங்கையில் மோதியது.

"ஐயோ! ராஸ்! ஆம்புலன்ஸக் கூப்பிடவா?"

"போனக் கீழ வை. என் இடுப்புல நெறைய பஞ்சு இருக்கு, ஒண்ணும் ஆகாது. பத்து மணிக்கு வர்றவங்களுக்கு அது இல்ல."

டீகன் கவிழ்ந்து கிடந்த நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டிக்காரி, வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"நேத்தே தெரியுமா?"

"மூணு வாரமாத் தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீ ஜெயிக்கக் கூடாதுன்னுதான்." ராஸ்லின் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்தாள். "உன் கை மாதிரி ஒரு கை எனக்கு இல்லன்னுதான். போதுமா?"

"நீங்க ரொம்ப மோசம்."

"ஆமா. அழுறதா இருந்தா பத்து மணிக்கு மேல அழு. திருப்புளி எங்க?"

புதிதாகக் கால் செதுக்கித் தேய்க்க ஒரு நாள் ஆகும். இருந்தது மூன்று மணி நேரம். ஆனால் கால்களை இருக்கையோடு பூட்ட டில்லரி வகுப்புக்கே ஒரே அளவு இரும்புத் தகடுதான் கொடுத்திருந்தார்; யார் காலும் யார் இருக்கையிலும் பொருந்தும். ராஸ்லின் தன் கன்றுக்குட்டியைத் தூக்கி வந்து மேசைமேல் குப்புறப் போட்டாள். பதினாறு திருகாணி. நேற்றுவரை தேய்த்த நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். டீகனுக்குக் கை நடுங்கி, திருகாணி இரண்டு முறை தரையில் உருண்டது. ராஸ்லினுக்கு நடுங்கவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் திருப்தியாகவே இருந்தது.

நிமிர்த்தி வைத்தார்கள். இலைபோன்ற இருக்கை விரிந்த கால்களின்மேல் உட்கார்ந்திருந்தது. இரண்டு பழைய நாற்காலிகளையும்விட இது நன்றாக இருந்தது. அதற்கும் ராஸ்லினுக்கு வயிறு எரிந்தது. மறுபடி உட்கார்ந்து, ஒரு கையை ஊன்றி, ஐந்து முறை எழுந்தாள். நாற்காலி அசையவில்லை.

"உங்க பேரும் போடணும்ல?" என்றாள் டீகன், முகத்தைப் பாராமல்.

"பின்ன? போடு. சின்னதாப் போட்டுடாத."

டீகன் புது அட்டை வெட்டி, தூரிகையை நனைத்து, ஒரே மூச்சில் இரண்டு பேரையும் எழுதினாள். ராஸ்லின் பாவ்லிக் என்ற பெயர், கல்யாணப் பத்திரத்தில்கூட அவ்வளவு அழகாக இருந்ததில்லை. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அட்டையை இரண்டு பக்கமும் அளந்து, நேராகக் குத்தினாள்.

பத்து மணிக்கு ஓபல் ட்ரெஸ்கோ என்ற எண்பத்து நான்கு வயதுக்காரி முதலில் வந்து உட்கார்ந்தாள். இடது கை மடியில் செயலற்றுக் கிடந்தது. வலது கையை ஊன்றி, முனகி, எழுந்து நின்றாள்.

"சீட்டு சில்லுனு இருக்கு," என்றாள்.

நாற்காலிக்குப் பின்னால் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்த ராஸ்லின் அவற்றைக் கீழே இறக்கினாள். நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டாள்.