பெண்கள் காத்திருப்பறை

நேற்று இல்ஃபோர்ட் தெருவொன்றில் கரிப்புகை மூக்கில் ஏறியதும், இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் குடியிருந்த ஊர் ரயில் நிலையத்தின் பெண்கள் காத்திருப்பறை நினைவுக்கு வந்தது. பச்சை ஓடு பதித்த கணப்பில் நாள் முழுக்கக் கரி சிவந்து எரிய, பெஞ்சில் நெருங்கி அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரப் பெண்களின் ஈரக் கோட்டுகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டே இருக்கும். அப்பாவின் ரயிலுக்காகக் காத்திருக்கும் அம்மாவையும் ஏழு வயது என்னையும் மட்டும் நிலைய ஊழியன் ஒருவன் தினமும் பனிக்குள் துரத்திவிட்டுக் கதவைச் சாத்துவான். கண்ணாடி வழியே நெருப்பைப் பார்த்தபடி நான் அவனைச் சபிப்பேன். அம்மா வாய் திறந்ததே இல்லை.

போன வருடம் லிஃப்ட் அமைப்பதற்காக அந்த அறையை இடித்த அன்று, லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"நல்லா இடிக்கினமோ, பிள்ளை?"

"ஓம் அம்மா. கணப்பும் போச்சுது."

"இடிச்சு முடியுமட்டும் நிண்டு பாத்திட்டு வா," என்றார் அம்மா.