ஏழாயிரம்பண்ணையில் பார்க்க வேண்டிய இடங்கள்

இந்தத் தீவுக்காரர்கள் வெடிச்சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிறார்கள். நாம் சுற்றுமுற்றும் பார்ப்பவர்கள். சீஷெல்ஸுக்கு வேலைக்கு வந்த முதல் மாதம், எங்கள் விடுதிக் கடற்கரையில் ஒரு கல்யாணம். சாயங்காலம் டமாலென்று ஒன்று வெடித்ததும் விருந்தினர் எல்லாரும் மேலே பார்த்துக் கைதட்ட, நான் மட்டும் படகுத்துறைக்கு ஓடி, எந்தத் திசையில் புகை எழுகிறது என்று தேடினேன். கை தானாகவே அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டது. "ஏலே, வேலை முடிஞ்சு வேன்ல வந்துக்கிட்டு இருக்கேன். என்ன விசயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்று அசடு வழியச் சிரித்துவிட்டு வைத்தேன்.

விஸ்வநத்தம், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஆட்களுக்கு நான் ஓடியது ஏன் என்று புரியும். பட்டாசு செய்வது நாம். கேட்டு மகிழ்வது வெளியூர்க்காரர்கள். நேரங்கெட்ட நேரத்தில் சத்தம் கேட்டால் நம் தெருவில் அடுப்பில் இருப்பது கருகிப்போகும். எல்லாரும் வாசலுக்கு வந்து, எந்தப் பட்டாசுக் கம்பெனி என்று புகையைப் பார்த்துக்கொண்டு நிற்போம். இதை என் மேலதிகாரி எலீனிடம் சொன்னேன். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவள். "ஊர் முழுக்கப் பட்டாசா! அப்படியென்றால் தினமும் திருவிழாதான்!" என்றாள். நல்ல மனுஷிதான். அவளுக்கு விளக்கிச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

இங்கே என் வேலை, கல்யாணத்துக்கு வரும் விருந்தினர்கள் சுற்றிப் பார்க்க வேண்டிய இடங்களை எழுதி, அட்டையாக அவர்கள் அறையில் வைப்பது. பிராலின் தீவில் கோக்கோ தெ மேர் என்கிற இரட்டைத் தேங்காய் காய்க்கும் காடு இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள். லா டீக் தீவில் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். ராட்சத ஆமைகளுக்கு இலை கொடுங்கள், முதுகில் ஏறாதீர்கள். தலைநகர் விக்டோரியாவின் பிள்ளையார் கோயிலில் செருப்பை வெளியே விடுங்கள். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் எழுதலாம். வழியைத் தேர்ந்தெடுப்பதில்தான் தொழில் இருக்கிறது. வேலைக்காரர்களின் குடியிருப்பும் குப்பைமேடும் கண்ணில் படாத பாதையாகப் பார்த்து எழுத வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருந்தேன்.

போன வருஷம், தீபாவளி சீசன் சூடுபிடித்திருந்த ஒரு முற்பகலில் தங்கை மாரீஸ்வரி கூப்பிட்டாள். "அண்ணே, கிழக்க பெருஞ்சத்தம் கேட்டுச்சு. அம்மா கம்பெனிப் பக்கம்தான் புகையாத் தெரியுது." உடனே அம்மாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசல் வேப்பமரத்தில் பைகளை மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எடுக்கமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். அன்று மரத்தில் தொங்கிய பைகள் எல்லாமே ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன என்று பிறகு மாரீஸ்வரி சொன்னாள். நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மாவின் போன் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. மாரீஸ்வரி அதையே, அதே எண்ணோடு வைத்துக்கொண்டாள்.

துக்கம் விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அப்பா ஏற்கெனவே இல்லை. தாய்மாமாதான் அலைந்து கம்பத்தில் மாப்பிள்ளை பார்த்தார். எனக்கோ அம்மாவின் காரியத்தோடு விடுப்பு தீர்ந்துவிட்டது. வேலையை விட்டுவிட்டு வரலாமென்றால், கல்யாணமே இந்த வேலையை நம்பித்தான் நடக்கிறது. எலீனிடம் கெஞ்சிப் பார்த்தேன். "சீசன் முடிந்து வைத்துக்கொள்ளச் சொல்லேன். கல்யாணம்தானே, எங்கே ஓடிவிடப் போகிறது?" என்றாள். இங்கே கல்யாணங்கள் அப்படித்தான், மழை பெய்தால்கூடத் தள்ளி வைப்பார்கள்.

மாரீஸ்வரி அழவில்லை. "சரிண்ணே" என்றாள். பிறகு, "மாப்பிள்ளை வீட்டாளுக ரெண்டு நாள் முன்னாடியே வேன்ல வர்றாகளாம். அங்கன சுத்திப் பாக்க என்ன இருக்குனு மாப்பிள்ளை வீட்டு அத்தை கேக்காக. நம்ம கரிசக்காட்டுல என்னண்ணே இருக்கு? வெள்ளக்காரனுக்கெல்லாம் எழுதிக் குடுக்கியே, எங்களுக்கும் ஒண்ணு எழுதேன்" என்றாள்.

எழுதினேன். அந்த மாதம் நான் எழுதியதிலேயே நல்ல அட்டை அதுதான். கழுகுமலை வெட்டுவான் கோயில், வெயில் ஏறுமுன். இருக்கன்குடி மாரியம்மன். சாத்தூரில் காரச்சேவு, சூடாக இருக்கும்போதே. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரமும் பால்கோவாவும். சாயங்காலம் ஆனைக்குட்டம் அணை. தண்ணீர் இல்லாவிட்டாலும் காற்று இருக்கும். கடைசியில், "ஊருக்குக் கிழக்கே போகும் ரோடு குண்டும் குழியுமாக இருக்கும், தவிர்க்கவும்" என்றும் எழுதினேன். அது பொய். அந்த ரோட்டில்தான் கம்பெனி இருந்தது. புதுச்சொந்தமும் என் தங்கையும் அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். தொழில் புத்தி.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கூப்பிட்டாள். "எல்லாம் பாத்துட்டோம்ணே. கிழக்கு ரோட்டுலயும் போனோம். அம்மா எங்கன வேலை பாத்தாகனு அத்தைதான் கேட்டாக. இப்ப அங்கன செவருதான் நிக்கி. வேப்பமரத்தடியில முகூர்த்தச் சேலைய வச்சு, வெத்தலை பாக்கு வச்சு, அத்தை விழுந்து கும்பிட்டாகண்ணே." அப்போதுதான் அழுதாள். யாரோ போனை வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா. "தம்பி, பாக்க வேண்டிய எடமெல்லாம் நல்லா எழுதியிருக்கீங்க. ஒங்கள எங்க வந்து பாக்குறது?" என்றார்.

இங்கே கடிகாரம் ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். மறுநாள் ஒன்பது மணி முகூர்த்தம் எனக்கு ஏழரை. பிராலின் போகும் விருந்தினரைப் படகில் ஏற்றிக்கொண்டே மாமா தன் போனில் வீடியோவாகக் காட்டிய கல்யாணத்தைப் பார்த்தேன். நான் போட வேண்டிய மாலையை மாமா மகன் மாப்பிள்ளைக்குப் போட்டான். சிரித்த முகமாகத்தான் போட்டான், அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெட்டிமேளம் தொடங்கியதும் சிக்னல் அறுந்துபோனது.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையில் அன்றைய கல்யாணத்துக்கான காகிதப்பூத் தூவும் வெடியை யாரோ சோதித்துப் பார்த்தார்கள். படகிலிருந்தவர்கள் மேலே பார்த்துக் கைதட்டினார்கள். நான் கடலோரம் முழுக்கப் புகையைத் தேடினேன். கை தானாகவே அம்மாவின் எண்ணை அழுத்தியது. மணி போயிற்று. மணவறையில் இருப்பவள் எடுக்கமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன்.