குரல் மாறிய இடிக்கையன்

தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்த ஒரு காட்சியில் என் அம்மாவும் எழுந்தாள். ஆனால் கைதட்ட அல்ல. செருப்பைக் காலால் துழாவி மாட்டிக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்தபடி வெளியே நடந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அக்காவும் போனாள். எனக்கு அப்போது பதினொரு வயது. படத்தை விடவும் மனமில்லை, அம்மாவை விடவும் பயம். திரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நானும் அவர்கள் பின்னால் ஓடினேன்.

இப்போது நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், புதிதாக ஒரு சூப்பர்ஹீரோ படம் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரம் முழுவதும் சண்டைதான். பழைய நடிகர்தான் உண்மையான ஆள் என்று ஒரு கூட்டம். புதியவனுக்கு என்ன குறைச்சல் என்று இன்னொரு கூட்டம். பழையவரைக் கடைசியில் இரண்டு நிமிடம் காட்டி நம்மை அழவைத்து டிக்கெட் விற்கிறார்கள் என்று, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பையன் ஒருவன் மேசையைத் தட்டிப் பேசுவான். எல்லோருடைய கோபமும் முகத்தைப் பற்றியது. எங்கள் வீட்டுக் கோபம் இவற்றில் எதிலும் சேராது. அதனால் நான் வாயைத் திறப்பதில்லை.

அப்போது நாங்கள் மங்கலம் சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா கட்டிங் மாஸ்டர். அம்மா வீட்டிலிருந்தே பிசிறு வெட்டுவாள். தைத்து முடித்த டி-ஷர்ட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தையலின் ஓரங்களில் தொங்கும் நூலையெல்லாம் சிறிய கத்தரியால் நறுக்கிச் சுத்தம் செய்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணை எடுத்தால் கத்தரி துணியைக் கடித்துவிடும். ஓட்டை விழுந்த துணியைக் கம்பெனியில் முகத்துக்கு நேராகவே வீசுவார்கள். அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி மதியம் முழுக்க வெட்டிக்கொண்டிருப்பார்கள். அக்கா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இரண்டு பேருக்கும் நடுவில் துணிக் குவியல். குவியலுக்கு அந்தப் பக்கம் டிவி.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் டப்பிங் படம் போடுவார்கள். அப்படித்தான் இடிக்கையன் எங்கள் வீட்டுக்குள் வந்தான். இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டினால் இடி இறங்கும். கட்டடம் சரியும், கார் பறக்கும். எனக்கு அதெல்லாம்தான் முக்கியம். அம்மாவும் அக்காவும் அவன் பேசுவதற்காகக் காத்திருப்பார்கள். தமிழில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் யாரோ எங்களுக்குத் தெரியாது. சளி பிடித்து இரண்டு நாள் ஆனவன் போன்ற கரகரப்பு. எதையும் சொல்வதற்கு முன் சின்னதாக ஒரு மூச்சு விடுவான். வில்லனிடம் கூட, "சித்த நில்லு, நான் சொல்றதக் கேளு" என்றுதான் ஆரம்பிப்பான். இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வெளியே கொண்டுவந்தால், முதலில் "சாப்டியா கண்ணு" என்று கேட்பான். இங்கிலீஷில் அவன் என்ன கேட்டானோ தெரியாது.

"நம்ம பக்கத்து ஆளுதான் இவன்" என்பாள் அம்மா.

"போங்கக்கா, இது எங்க ஊர்க்காரன் கொரலு" என்பாள் அக்கா.

இந்த விவாதம் பல மாதங்கள் நடந்தது. கத்தரிகள் நிற்காமலே நடந்தது.

மூன்றாம் பாகம் வந்தபோது ஊரெல்லாம் ஒரே ரகளை. இடிக்கையனாக நடித்தவரை மாற்றிவிட்டு, மீசை கூடச் சரியாக முளைக்காத ஒரு இளைஞனைப் போட்டுவிட்டார்கள். என் அத்தை மகன் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். இடிக்கையன் படங்களை இங்கிலீஷில் பார்ப்பவன் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்து, காப்பி ஆறும் வரை, இது ரசிகர்களுக்குச் செய்த துரோகம் என்று திட்டித் தீர்த்தான். நானும் அவனோடு சேர்ந்து திட்டினேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி புதியவன்தான் அழகு என்று சொன்னதற்காக அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்தப் படம் டிவியில் வந்த ஞாயிறு, அம்மாவும் அக்காவும் வழக்கம்போல வெட்டிக்கொண்டே கேட்டார்கள். படம் முடிந்ததும் நான் ஆத்திரத்தோடு, "பாத்தியாம்மா, ஆளையே மாத்திட்டாங்க" என்றேன்.

"எங்க மாத்துனாங்க? அவனேதான் பேசுனான்" என்றாள் அம்மா.

அக்காவும் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தப் படத்துக்கும் பழைய குரல்தான். உலகம் முழுவதும் சண்டை போட்டு ஓய்ந்த மாற்றம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியவே இல்லை.

பிறகு நான்காம் பாகம். பழைய நடிகர் திரும்பி வருகிறார் என்று அறிவித்தார்கள். அத்தை மகனும் அவன் நண்பர்களும் தெரிந்த பிரிண்டிங் யூனிட்டில் சொல்லி, நெஞ்சில் அவர் முகம் போட்ட டி-ஷர்ட் அடித்துக்கொண்டார்கள். எங்களுக்கும் டிக்கெட் எடுத்திருப்பதாகச் சொன்னான். அம்மா தியேட்டருக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சனிக்கிழமையே மூட்டையை முடித்துக் கட்டிவைத்துவிட்டு, பீரோவிலிருந்து நல்ல சேலை ஒன்றை எடுத்து வெளியே போட்டாள். அக்காவையும் அழைத்துக்கொண்டாள். அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தியேட்டரில் எங்கு பார்த்தாலும் அதே முகம் போட்ட டி-ஷர்ட்டுகள். அம்மா ஒருவனின் முதுகுத் தையலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிசிறே வெட்டல பாரு" என்று அக்காவிடம் முணுமுணுத்தாள். படம் ஆரம்பித்தது. புதிய இளைஞன் அடிபட்டு விழுந்து கிடக்கிறான். புகைக்குள்ளிருந்து ஒரு உருவம் நடந்து வருகிறது. முகம் தெரிந்ததும் கிழித்த காகிதங்கள் பறந்தன. அத்தை மகன் அழுதே விட்டான். நான் நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

அப்போது இடிக்கையன் வாயைத் திறந்தான்.

வந்தது வேறு குரல். தமிழ் சினிமாவின் பெரிய நடிகர் ஒருவரின் குரல். அவருடைய ரசிகர்களும் அங்கே இருந்திருக்க வேண்டும், விசில் இரண்டு மடங்கானது. கனத்த குரலில் அவர் ஒரு பஞ்ச் வசனம் பேசினார். அந்த வசனத்துக்குள் அவருடைய சொந்தப் படம் ஒன்றின் பெயரும் வந்தது. அதற்கும் விசில். பிறகு இடிபாட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுமியைத் தூக்கி வந்து இறக்கிவிட்டு, "ஆர் யூ ஓகே, பேபி?" என்றார்.

"இது யாரு?" என்றாள் அம்மா. கேட்டது என்னிடம் அல்ல, பொதுவாக.

"யாரோல்லா பேசுதான். அவன் இல்லக்கா" என்றாள் அக்கா.

அடுத்த வசனம் வரைக்கும் அம்மா பொறுத்துப் பார்த்தாள். கண்களை மூடிக்கொண்டு கேட்டாள். அதற்குப் பிறகுதான் எழுந்தாள்.

வெளியே வராந்தாவில் மேனேஜர், பாப்கார்ன் மிஷின் அருகே நின்றிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள். அவள் கோபத்தில் கூட மரியாதை குறையாதவள். எங்கள் ஊரில் சண்டையும் 'ங்க' போட்டுத்தான் நடக்கும்.

"ஏனுங்க, பழைய ஆளு வர்றாருன்னு போஸ்டர் ஒட்டியிருக்கறீங்க. வேற ஆளக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்களே, இது நல்லாவாங்க இருக்குது?"

மேனேஜர் போஸ்டரைக் காட்டினார். "அதே ஆளுதானுங்கம்மா. நல்லாப் பாருங்க."

"மூஞ்சி எவனுதா வேணா இருக்கட்டுங்க. பேசுறது யாருங்க?"

"அவரு எவ்வளவு பெரிய ஸ்டாருங்க. நம்ம தமிழ்ல குரல் குடுத்தது பெருமையில்லீங்களா?"

"பெருமையா இருந்தா அவரு படத்துல அவரு பேசட்டுங்க. இவனுக்கு எதுக்குங்க பேசுறாரு? இத்தனை நாளாப் பேசுன மனுசன் என்னங்க ஆனாரு? ஏன் அவரக் கூப்புடல?"

மேனேஜரிடம் இப்படி யாரும் அதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். படம் வருகிறது, ஓட்டுகிறோம், அவ்வளவுதான் என்பதைப் போலக் கையை விரித்தார். "அந்தப் புள்ளகிட்டச் சாப்டியான்னு கேக்கக்கூட இல்லியே இவரு" என்று அக்கா தன் பங்குக்குச் சொன்னாள். அதற்குத்தான் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இடைவேளை கூட ஆகவில்லை, அதற்குள் எங்கிருந்து அத்தனை பேர் வந்தார்களோ. அவர்களில் ஒருவன் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தான். எனக்கு அவன் கையைக் கடித்து வைக்கலாம் போலிருந்தது.

எங்களைத் தேடி வந்த அத்தை மகன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அத்தை, அவரோட உண்மையான குரல் இங்கிலீஷ்ல இருக்குதுங்க. தமிழ்ல யாரு பேசுனா என்னங்க? ரெண்டுமே டூப்புதானுங்க" என்றான். நெஞ்சில் அந்த முகத்தை ஒட்டிக்கொண்டு அவன் அப்படிச் சொன்னதை நான் இன்று வரை மன்னிக்கவில்லை. மூன்றாம் பாகத்தில் ஒரு முகம் போனதற்கு எங்கள் வீட்டுக் காப்பியை ஆறவைத்தவன் அவன். அந்தக் கோபத்துக்கு மரியாதை உண்டு, அதற்குப் பெயர் ரசனை. அம்மாவின் கோபத்துக்கு மட்டும் பெயர் அறியாமை.

"நீ போய்ப் படத்தப் பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

வீடியோ திங்கட்கிழமையே அப்பாவின் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இடிக்கையனை ஆள் மாற்றிவிட்டார்கள் என்று சண்டை போடும் அம்மா என்று தலைப்பு. கட்டிங் டேபிளில் ஒருவர் விடாமல் பார்த்திருக்கிறார்கள். பீகார்ப் பையன்களுக்கு யாரோ இந்தியில் விளக்கிச் சொல்லி, அவர்களும் சிரித்தார்களாம். அப்பா வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றி வீசினார்.

"ஒரு சினிமாவுக்காக ரோட்டுல நின்னு சண்டை போடோணுமா? என்ர மானம் போச்சு."

"நானு ரோட்டுல நிக்கலீங்க. தியேட்டருக்குள்ளதான் கேட்டேன்" என்றாள் அம்மா. "ஏமாத்துனா யாரா இருந்தாலும் கேக்கத்தான் வேணும்."

நான் அப்பாவின் கைபேசியைத் திருட்டுத்தனமாக எடுத்து, அந்த வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தவற்றை எல்லாம் படித்தேன். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் கூட அம்மாவைப் படிக்காதவள் என்று எழுதியிருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் எதற்கு இந்தப் படம், சீரியல் பார்க்க வேண்டியதுதானே என்று ஒருவன். இடிக்கையன் அவர்களுடைய சொத்து என்பது போலவும், நாங்கள் சுவர் ஏறிக் குதித்து உள்ளே வந்தவர்கள் போலவும் பேசினார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு நான் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன்: எங்கள் அம்மா சொன்னதுதான் சரி, நீங்கள் யாரும் இடிக்கையனைச் சரியாகக் கேட்டதே இல்லை. அதற்கும் சிரிக்கும் பொம்மைகளையே அனுப்பினார்கள். அப்பா கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தார்.

சில வாரங்களில் ஊர் அதை மறந்துவிட்டது. அக்கா மட்டும் மூட்டை பிரிக்கும்போதெல்லாம், அந்த மனுசனுக்கு அப்புறம் வேலை கிடைச்சுதோ என்னமோ என்று கவலைப்படுவாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மூட்டையே இல்லை. ஏதோ ஆர்டர் கேன்சலாகி, தையல் நின்றுபோயிருந்தது. அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தாள். டிவியில் இடிக்கையன் முதல் பாகம். கூடத்தில் துணிக் குவியல் இல்லாததால் டிவி முழுதாகத் தெரிந்தது. நான் பாயை நேர் எதிரே விரித்து அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள், ஆனால் சுவரில் சாய்ந்து, வாசல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கைகள் மடியில் சும்மா கிடந்தன.

"இன்னிக்குத்தான் வேலை இல்லியேம்மா. பாரேன்" என்றேன்.

"நீ பாரு கண்ணு. எனக்குக் கேக்குது."

அந்தக் கரகரப்பு, அந்தச் சின்ன மூச்சு, எல்லாம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இவனுக்காகத்தானே தியேட்டரில் அத்தனை பேர் முன்னால் நின்றாள். இவனுக்காகத்தானே நான் முதுகில் அடி வாங்கினேன். எழுந்துபோய் அவள் தாடையைப் பிடித்து டிவி பக்கம் திருப்பினேன். அவள் முரண்டு பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பக் கொடுத்துவிட்டுக் கண்களை மட்டும் மூடிக்கொண்டாள்.

"அவன் அப்படி இருக்க மாட்டான் சாமி" என்றாள்.

"அப்பறம் எப்படி இருப்பான்?"

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். உதடு லேசாக விரிந்தது. நான் அதுவரை பார்த்திராத ஒரு சிரிப்பு. பிறகு, "பேசாம இரு, பேசுறான்" என்றாள்.

தியேட்டர்க் கோபம் இன்னும் தீரவில்லை, அதனால்தான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். நியாயமான கோபம்தான் என்று எனக்கும் பட்டது. அவளுக்காக டிவியின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.