மத்தியின் மகன் சன்ஹரீப்

வடக்கு ஈராக்கின் கிறிஸ்தவ ஊரான பக்தீதாவில் பெஹ்னாம் என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சன்ஹரீப் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரே ஒருவர்தான் இருந்தார். மோசூலுக்கு மினிபஸ் ஓட்டியவர்.

பெயர் வைத்தது அவர் அப்பா மத்தி. நினிவேயின் பழைய மதிலைச் செப்பனிடும் வேலையில் கல் சுமந்தவர். அந்த மதிலை எழுப்பிய சன்ஹரீப் அரசன் மலையிலிருந்து கால்வாய் வெட்டி ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தான் என்று வேலையிடத்தில் யாரோ சொல்லக் கேட்டு, அந்த அரசன்மேல் அவருக்கு ஒரு பித்து. தலைப்பிள்ளைக்கு அவன் பெயர்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

ஞானஸ்நானத்தன்று பாதிரியார் அபூனா புத்ரோஸ் தொட்டியருகே நின்றுகொண்டு மறுத்தார்.

"மத்தி, உனக்குப் புத்தி இருக்கா? கிறிஸ்தவனா மாறினதுக்காகப் பெத்த புள்ளைய வெட்டிக் கொன்னவன் பேரு அது. நம்ம புனிதர் மார் பெஹ்னாமோட ரத்தம் யார் கையில இருக்கு?"

"அந்தாளு அப்புறம் மனந்திரும்பினான்ல, அபூனா?"

"திரும்பட்டும். என் தொட்டிக்குள்ள அவன் வேண்டாம்."

கடைசியில் தேவாலயத்தில் பிள்ளை பெஹ்னாம் ஆனான், சர்க்கார் பதிவில் சன்ஹரீப். கொன்றவன் பெயரும் கொல்லப்பட்டவன் பெயரும் ஒரே ஆள் தலையில் வந்து விழுந்தன.

ஈரானோடு போர் மூண்டபோது பட்டாளத்தில் அரபு அதிகாரிகளுக்கு அந்தப் பெயர் வேறு மாதிரிக் கேட்டது. அரபியில் 'சனுஹாரிப்' என்றால் 'நாம் போரிடுவோம்'. பஸ்ரா முகாமில் முதல் நாளே கேப்டன் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பேரு என்னடா?"

"சன்ஹரீப், ஐயா."

"சனுஹாரிப்! அடேய், கேட்டீங்களாடா? பேரே கோஷம் போடுது!"

அதன்பின் பெரிய அதிகாரி யார் வந்தாலும் அவனை முன்வரிசையில் நிறுத்துவார்கள். அவன் பெயரைச் சொல்ல வேண்டும், பின்னால் படையே அதைத் திருப்பிக் கத்தும். லீவு கேட்டால் கேப்டன் சிரிப்பார். "நீ ஊருக்குப் போயிட்டா யாருடா போரிடுறது?" சண்டை போட ஒருநாளும் ஆசைப்படாத அவன் அப்படித்தான் போர்முனைப் பதுங்குகுழிகளிலேயே கிடந்தான், கொர்ரம்ஷஹரை ஈரான் மீட்ட அன்று பிடிபடும்வரை.

ஈரானியக் காவலன் ஒருவன் கைதிகளைப் பெயர் கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டு வந்தான். போரிடுவோம் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சன்ஹரீப் தன் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"பெஹ்னாமா? அது எங்க ஊர்ப் பேருடா! என் தம்பிக்கு அதான் பேரு."

அன்று அடி விழவில்லை. அன்றிலிருந்து முகாமில் அவன் பெஹ்னாம்.

கைதிகளின் பெயர்களைத் தெஹ்ரான் வானொலி மாலை வேளைகளில் வாசிக்கும். கேட்டால் ஆபத்து என்றாலும் ஈராக்கில் பிள்ளை காணாமல் போன எந்த வீட்டில் கேட்காமல் இருந்தார்கள்? அம்மா ஹெலானி போர்வைக்குள் தலையை விட்டு, சன்ஹரீப் என்ற பெயருக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. 'பெஹ்னாம் மத்தி, பக்தீதா' என்று ஒரு நாள் வந்தது. அது தன் பிள்ளைதான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அடுத்த தெரு ஷ்மூனியின் மகனும் பெஹ்னாம், அவன் அப்பாவும் மத்தி, அவனும் அதே போர்முனையில் காணாமல் போனவன். ஷ்மூனி ஆடு வெட்டித் தெருவுக்கே சோறு போட்டாள். ஹெலானி அங்கே போய்ச் சாப்பிட்டு வாழ்த்திவிட்டு வந்து, தன் மகனுக்காகக் கறுப்பு உடுத்தினாள். சன்ஹரீபின் அப்பா மத்தி கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார்.

போர் முடிந்து கைதிகள் வந்த பேருந்து ஊருக்குள் நுழைந்தபோது ஷ்மூனி புதுத் துணி உடுத்தி முன்னால் நின்றாள். இறங்கியவன் சன்ஹரீப்.

ஹெலானி மயங்கி விழுந்தாள். ஷ்மூனி பேருந்துக்குள் ஏறி ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

விஷயம் புரிய அவனுக்குச் சில நாள் ஆயிற்று. புரிந்ததும் அவள் வீட்டுக்குப் போனான்.

"அத்தை, ரேடியோல வந்தது என் பேரு. அடிக்குப் பயந்து அங்க அப்படிச் சொல்லிட்டேன்."

"அப்ப என் புள்ள?"

"நான் பாக்கலை, அத்தை."

ஷ்மூனி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏண்டா, உனக்கு உன் பேரு ஒண்ணு போதலையா? என் புள்ளையோடதையும் எடுத்துக்கிட்டியே." கதவைச் சாத்திவிட்டாள்.

பொருளாதாரத் தடை காலத்துக் குளிரில் அவன் அவள் வாசலில் மண்ணெண்ணெய்க் கேனை வைத்துவிட்டு வருவான். முதல் கேனை உதைத்துக் கவிழ்த்தாள். அடுத்ததை உள்ளே எடுத்துக்கொண்டாள். மினிபஸ் வாங்கியபின் அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவதும் அவன் வேலையானது. வழியெல்லாம் திட்டுவாள். "ராஜா மெதுவா ஓட்டுங்க, உங்க மதில் ஒண்ணும் ஓடிப்போகாது." அவன் ஓட்டிக்கொண்டே இருப்பான். மனைவி நஹ்ரீன்தான் வீட்டில் பொருமுவாள்.

பல வருடம் கழித்து, மோசூலைப் பிடித்த கறுப்புக் கொடிக்காரர்கள் இங்கேயும் வருகிறார்கள் என்று ஊரே கிளம்பிய ஆகஸ்டில், ஷ்மூனி கட்டிலைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்றாள்.

"என் புள்ள வந்தா வீடு பூட்டியிருக்கும்டா."

வெளியே மினிபஸ்ஸில் நஹ்ரீனும் அக்கம்பக்கத்தாரும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். சன்ஹரீபுக்கும் வயதாகியிருந்தது; அவருக்குக் கெஞ்சத் தெம்பில்லை.

"வந்தா பெஹ்னாம் மத்தி வீடு எதுன்னுதானே கேப்பான்? அந்தப் பேர்ல இப்ப நான்தானே இருக்கேன், யாரும் என்கிட்டதான் அனுப்புவாங்க. வாங்க அத்தை."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அகதிகள் போய்ச் சேர்ந்த அன்காவாவில் தகரப் பெட்டி வீடுகளைக் குடும்பத்தாருக்கு மட்டும்தான் தருவோம் என்றார்கள். பதிவு செய்த பெண் கேட்குமுன்னே ஷ்மூனி சொன்னாள்: "இவன் என் மகன். பெஹ்னாம் மத்தின்னு எழுதிக்கோம்மா." நஹ்ரீன் வாயைத் திறந்தாள். சன்ஹரீப் வேண்டாம் என்று கையசைத்தார். மறுத்துப் பேச எந்தப் பெயரிலும் அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

இரண்டாம் குளிர்காலத்தில் ஷ்மூனி இறந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் மகன் என்று அவர் கையைப் பிடித்தார்கள். அவரும் கொடுத்தார்.

"இன்னும் எத்தனை பேரா இருக்கப்போறீங்க?" என்றாள் நஹ்ரீன்.

"தெரியலை. காலெல்லாம் வலிக்குது."

ஊர் மீட்கப்பட்டதும் திரும்பினார்கள். வீட்டுச் சுவர் கரி. தேவாலயத் தூண்களும் கரி. கழுவி முடிந்து பூசைகள் தொடங்கியபோது, அவர் புது அபூனாவிடம் போய் பெஹ்னாம் மத்திக்காக ஒரு பூசை வைக்கச் சொன்னார்.

இளம் அபூனா விழித்தார். "பெஹ்னாம் மத்தி நீங்கதானே? உங்க உடம்புக்கு என்ன?"

"நான் இல்ல, அபூனா. ஷ்மூனியோட மகன். போர்ல செத்துட்டான்."

செத்துட்டான் என்ற அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்னது அதுவே முதல்முறை. ஷ்மூனி இருந்தவரை ஊரில் யாருமே சொன்னதில்லை.

பூசையில் பெயர் வாசிக்கப்பட்டபோது அவர் கடைசிப் பெஞ்சில் தூங்கிப்போயிருந்தார். எழுப்பப் போன கையை நஹ்ரீன் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.